நெஞ்சுத் தூளி

அத்தியாயம் ஒன்பது

பால்துரைக்கு அவன் அக்காள் ஞானரத்தினம் வைத்த கெடு அன்றைக்குத்தான் முடிகிறது. சனிக்கிழமை.

"சனிக்கிழமை பதினோரு மணி வண்டிக்கு வாரேன். அதுக்குள்ள இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணி வச்சிருந்தா சரி. இல்லேன்னா நான் தூக்கிட்டுப் போறதை நீ தடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள்.

அவள் தெருவில் நேசையன், ஏசம்மாள் என்று ஒரு தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. நேசையனுக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலை. திங்கட்கிழமை தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறார்கள். பால்துரையின் கைப்பிள்ளை அன்னாளையும் தூக்கிக்கொண்டு ஏறுவதாக ஏற்பாடு.

கப்பல் ஏறிய பிள்ளை என்றைக்காவது திரும்பி வந்தால், எதிரே நிற்கிறவனை யாரென்று பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கும். பால்துரைக்கு அது நன்றாகத் தெரியும்.

அக்காளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவளுக்கு ஆறு பிள்ளைகள். பால்துரையின் மனைவி தங்கபாய், அன்னாளைப் பெற்ற ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு கண்ணை மூடியபோது, நாற்பது நாள் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து கிடந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் அன்னாளுக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய். தன் மகனை ஒரு பக்கமும் அன்னாளை மறுபக்கமும் போட்டுக்கொண்டு உட்காருவாள். பத்து நாளைக்கு முன்னால் அந்த மகனுக்குக் கக்குவான் கண்டுவிட்டது. ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு அப்பால், ரயில் பாதை வேலையாட்கள் குடியிருக்கிற அந்த கேங் லயனில் நாலே வீடுகள். நாலில் மூன்றில் பிள்ளைகள் நீலம் பாரித்து இருமிக்கொண்டிருந்தன.

"என் கிட்டக் கொண்டு வராதீய அண்ணே" என்று சண்முகத்தாய்தான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, லயனில் விட முடியாது. ஊருக்குள் யாரும் இல்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. பால்துரைக்கு ஒரே வழிதான் தோன்றியது. வேலைக்குப் போகிறபோது பிள்ளையையும் கட்டிக்கொண்டு போவது.

அவனுக்கு ரயில்வேயில் கீமேன் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாக நாலு மைல், கேட் வரைக்கும் தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. தண்டவாளத்தை அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டுக்குச் சாவி என்று பெயர். வண்டி ஓடி ஓடி அது தளரும். தளர்ந்ததைச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். நேர்ப் பாதையில் கண்ணுக்குத் தளர்ச்சியாகத் தெரிவதை அடித்தால் போதும். வளைவு வந்தால் ஒன்று விடாமல் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான சாவி ‘டங்’ என்று பேசும். தளர்ந்தது தொண்டை கட்டினாற்போல ஒரு சத்தம் போடும்.

குனிய வேண்டும், நிமிர வேண்டும், ஓங்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும். இதற்கு நடுவில் ஏழு மாதப் பிள்ளையை எங்கே வைப்பது?

முதல் நாள் சண்முகத்தாய் எட்ட நின்றபடியே சொல்லிக் கொடுத்தாள். களையெடுக்கப் போகிற பெண்கள் மாதிரி பழைய சேலையைத் தோளில் ஏறிட்டு, இடுப்பில் பிள்ளையை உட்கார வைத்து முடிச்சுப் போடுவது.

"நல்லா இடுப்புல அண்டக் குடுங்க அண்ணே."

"குடுத்துத்தான் பாக்கேன். வழுக்கிட்டுப் போவுதே."

"ஆமா, ஆம்பிளைக்கு இடுப்பு ஏது! பனை மரத்துல பூசணிக்காயக் கட்டுன மாதிரில்லா இருக்கு."

மகன் உள்ளே இருமுகிற சத்தத்துக்கு நடுவிலும் அவள் சிரித்துவிட்டாள். பால்துரையும் சிரித்தான். ஆனால் முதல் மைலிலேயே, ஒரு சாவியை அடிக்கக் குனிந்தபோது தூளி முன்னால் ஊசலாடிப் பிள்ளையின் தலை தண்டவாளத்துக்கு நாலு விரல் தூரத்தில் போய் நின்றது. அவன் அப்படியே கருங்கல் ஜல்லியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் நார்ப்பெட்டி. பனைநார்ப் பெட்டிக்குள் துணி பரப்பி, பிள்ளையை வைத்து, முதுகில் கட்டிக்கொண்டான். குனிவதற்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. சுத்தியலை ஓங்கினால் காம்பு பெட்டி விளிம்பில் இடித்தது. கயிறு தோளை அறுத்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை முகம் தெரியாததுதான் பெரிய தொல்லை. அழுகிற வரைக்கும் பயமில்லை. அழுகை நின்றதும் அவன் பெட்டியை இறக்கிப் பார்த்தான். அவள் குறுகிக் கிடந்தாள். மோவாய் நெஞ்சில் முட்டி, மூச்சு ‘கர் கர்’ என்று பூனை மாதிரி வந்துகொண்டிருந்தது. வாரி எடுத்து நிமிர்த்தியதும்தான் முகத்தில் ரத்தம் வந்தது. இன்னும் ஒரு பர்லாங்கு அப்படியே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் நினைத்துப் பார்க்கத் துணியவில்லை.

அன்று சாயந்தரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் தையல்காரர் பொன்னுராஜிடம் போனான். பெட்டியும் சேலையும் பட்ட கதை எல்லாம் சொன்னான்.

பொன்னுராஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். நாடாவை எடுத்தார்.

"எத்தனையோ பேருக்கு அளவு எடுத்திருக்கேன்டே. ரெண்டு உசுருக்குச் சேத்து ஒரே உடுப்பு இப்பத்தான் தைக்கப் போறேன். பிள்ளையை நெஞ்சுல சாத்து பாப்போம். இன்னும் மேல. உன் மோவாய்க்கட்டை அது உச்சந்தலையில படணும். பட்டுதா? அப்பத்தான் அது மூச்சு உனக்குக் கேக்கும்."

அவர் பிள்ளையின் ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை அளந்தார்.

"பிள்ளை தொடை தொங்கக் கூடாது. தவளை உக்காந்த மாதிரி உன் விலாவைக் கவ்விட்டு இருக்கணும். அம்புட்டு அகலம் வேணும்."

மூன்று நாள், பிள்ளையைப் பழைய சேலையிலேயே இறுக்கிக் கட்டிச் சமாளித்த பிறகு, வெள்ளிக்கிழமை மாலை அது தயாராயிற்று. இரட்டை மடிப்புக் காடாத் துணியில் அகலமான இருக்கை. கழுத்தைத் தாங்க ஒரு சின்ன மடிப்பு. நாலு விரல் அகலத்தில் நீளமாக இரண்டு பட்டைகள். அவை இரண்டு தோளிலும் ஏறி, முதுகில் குறுக்காக மாறி, முன்னால் வந்து பிள்ளையின் அடியைத் தாங்கி, மறுபடி பின்னால் போய் முடிச்சாகும். கட்டிவிட்டுக் குனியச் சொன்னார். குனிந்தான். பிள்ளை நெஞ்சை விட்டு அசையவில்லை. குதிக்கச் சொன்னார். குதித்தான். அன்னாள் ‘க்கெ’ என்று சிரித்தாள்.

கடைக்கு வந்திருந்த ஒருவர், "என்னடே, கங்காரு மாதிரி" என்றார்.

பால்துரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கங்காரு என்றால் என்னவென்றும் அவனுக்குத் தெரியாது. தோளில் கனமே தெரியவில்லை. பிள்ளையின் உச்சந்தலைச் சூடு மோவாயில் பட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு அக்காளிடம் காட்ட ஒரு வழி கிடைத்துவிட்டது.



சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் கிளம்பியபோது தரை ஈரமாக இருந்தது. இரவு நல்ல மழை. மலை உச்சி தெரியாமல் மேகம் இறங்கிக் கிடந்தது. புது நூல் மில்லுக்குச் செங்கல் ஏற்றிப் போகிற மாட்டு வண்டிகள் சேற்றில் திணறிக்கொண்டிருந்தன.

போகும்போது அன்னாள் விழித்திருந்தாள். ஒவ்வொரு ‘டங்’குக்கும் கண்ணைக் கொட்டிவிட்டு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அவன் சிரித்தால் அவளும் சிரித்தாள். ஐந்து நாளாக அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்த பிள்ளை அது.

நாலாவது மைல் கேட்டில் ஆவுடையம்மாள் வெள்ளாட்டுப் பால் காய்ச்சி வைத்திருந்தாள். கேட்கீப்பரின் மனைவி. வாய் நீளம், மனசும் நீளம்.

"ஏ ஆத்தி, இதென்ன கோலம்! பிள்ளையச் சட்டைப் பையில போட்டுட்டு வந்துட்டீயளா?"

"எப்படி இருக்கு மைனி?"

அவள் சுற்றி வந்து பார்த்தாள். பிள்ளையின் மோவாய்க்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். தொடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கயும் நெரிக்கல. மூச்சுத் தாராளமா போவுது. எந்தப் பொம்பிளையும் இப்படிக் கட்ட மாட்டா. உங்க அக்கா என்ன சொல்லுதாவளாம்?"

"இன்னைக்குப் பதினோரு மணி வண்டியில வருதா. இதைப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. போங்க."

சங்கில் பால் குடித்து முடித்த அன்னாள், திரும்பி நடக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் தூங்கிப் போனாள்.

அது எப்படிப்பட்ட தூக்கம் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். ஒரு வாரமாக அந்தப் பிள்ளை ஒழுங்காகத் தூங்கவில்லை. பசியில் பாதி, பயத்தில் பாதி, தூக்கத்திலேயே விம்மும். இப்போது வாய் லேசாகத் திறந்து, எச்சில் அவன் சட்டையில் வட்டமாக ஊற, கை இரண்டும் அவன் விலாவில் விரிந்து கிடக்க, கல்லாகத் தூங்கினாள். அவன் மூச்சு ஏறும்போது அவளும் ஏறினாள். தங்கபாய் போன பிறகு அவன் உடம்பில் இப்படி ஒரு உயிர் நம்பிச் சாய்ந்தது அன்றைக்குத்தான்.

கண்மாய்க்கரை வளைவு வந்தது. ஒரு பக்கம் மேடு. மறுபக்கம் பதினைந்தடி பள்ளம், அடியில் தண்ணீர். திரும்பும்போது அவன் முறை வெளிப்பக்கத் தண்டவாளம். நூற்றுக்கு மேல் சாவிகள். ஒன்று விடாமல் தட்ட வேண்டும்.

பால்துரை சுத்தியலைத் தூக்கி முதல் சாவியில் போட்டான். ‘டங்.’

அன்னாளின் உடம்பு தூக்கிப் போட்டது. கண் திறக்கவில்லை. கீழுதடு மட்டும் பிதுங்கி, கோணி, நடுங்கியது. அழப் போகிற உதடு.

அவன் அப்படியே நின்றான். முதுகைத் தட்டினான். உதடு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது.

‘நேற்றுத்தானே எல்லாம் அடித்தோம். ஒரு நாளில் என்ன ஆகிவிடும். கண்ணால் பார்த்துக்கொண்டே போவோம்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சுத்தியலைத் தோளில் சாத்தினான். வளைவு முழுவதும் நடந்து கடந்தான்.

கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நடந்தான். ஆனால் அவன் பார்த்தது அவள் முகத்தை.



லயனுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. கேங் மேஸ்திரி தவசிமுத்து வாசலிலேயே நின்றார். கையில் ஒரு காகிதம்.

"ஏலே பால்துரை, இப்பத்தான் ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்துட்டுப் போறான். விடியக்காலை போன கூட்ஸ் டிரைவர் தென்காசி போயி இறங்கி, கண்மாய் வளைவுல வண்டி ஒரு உதறு உதறுச்சுன்னு சொல்லியிருக்கான். அங்கேருந்து தந்தி. நீ பாத்தியா?"

பால்துரையின் கை தானாகப் பிள்ளையின் முதுகுக்குப் போயிற்று. இவர் ஒருத்தர்தான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைக் கண்டும் காணாமலும் விட்டவர். ‘வேலை சுத்தமா இருக்கணும். அதுல ஒரு சொல் வந்துச்சுன்னா நான் உன்னைக் காப்பாத்த மாட்டேன்’ என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது இல்லை என்றால் வேலை போகும். வேலை போன வீட்டில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? திங்கட்கிழமை கப்பல்தான்.

"பாத்தேன் மேஸ்திரி."

"வெளிப்பக்கம் தட்டுனியா?"

"தட்டுனேன்."

"எல்லாம்?"

"எல்லாம்."

தவசிமுத்து காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்பச் சரி. கூட்ஸ்காரன் தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பான். நான் கேங்கைக் கூட்டிட்டுச் சோழபுரம் பக்கம் போறேன். மழையில கரை அரிச்சிருக்காம்." நாலடி போனவர் திரும்பிப் பார்த்தார். "நல்லாத் தூங்குதே பிள்ளை! இந்த ஏற்பாடு நல்லா இருக்குடே."

அவர் தலை மறைந்ததும் பால்துரை வாசற்படியில் உட்கார்ந்தான்.

பதினோரு மணி வண்டி. விடியற்காலைக் கூட்ஸுக்குப் பிறகு அந்தப் பாதையில் வருகிற முதல் வண்டி அதுதான். அக்காள் அதில் வருகிறாள்.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. அவன் அழைத்து வரவில்லை. தானாக வந்து எட்டிப் பார்த்தது. ‘அந்த வண்டி வராவிட்டால், பிள்ளையைக் கேட்க யாரும் வர மாட்டார்கள்.’

வந்த வேகத்தில் போயும்விட்டது. ஆனால் அது வந்துவிட்டுப் போன இடம் நெஞ்சில் சுட்டது. அவன் எழுந்து சுத்தியலை எடுத்தான். கொடிப் பையை எடுத்தான்.

வாசலில் நின்ற சண்முகத்தாய் பயந்துபோனாள். "என்ன அண்ணே, இப்பத்தான வந்தீய?"

"வளைவுக்குப் போறேன் தாயீ. பிள்ளைய..."

உள்ளே அவள் மகன் இருமத் தொடங்கினான். இருமி இருமி மூச்சை இழுக்கிற அந்தக் கூவல் தெருவரைக்கும் கேட்டது. அவள் தலையை வேகமாக ஆட்டினாள்.

"இங்க வேண்டாம். கூடவே கொண்டு போயிருங்க."

அவன் ஓடினான்.

ஸ்லீப்பர் மேல் ஓடுவது லேசில்லை. ஒவ்வொன்றாக மிதித்தால் எட்டுக் குறைச்சல், ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் எட்டு அதிகம். இரண்டு மைல். உடுத்த துணி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு பிள்ளையும் ஓடியது. தூளி அவிழவில்லை, இறங்கவில்லை. அவள் விழித்துக்கொண்டு, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் ஆடுகிற வானத்தை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

வளைவின் நடுவில் அவன் கால் நின்றுவிட்டது.

ஒரு சாவி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை. அதற்கடுத்த மூன்று பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அந்த ஐந்து ஸ்லீப்பர் அடியிலும் மழை மண்ணை அரித்திருந்தது. தண்டவாளம் லேசாக, மிக லேசாக, பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவன் அதைக் காலால் தாண்டிப் போயிருக்கிறான்.

பையில் உபரிச் சாவி ஒன்றுதான் இருந்தது. செருகி அடித்தான். ‘டங்.’ அன்னாள் வீறிட்டாள். இரண்டாவது அடி. அவள் முகம் அவன் நெஞ்சுக்குள் புகுந்துகொள்ளப் பார்த்தது. துருத்தியிருந்த மூன்றில் ஒன்றை இறுக்கினான். மற்ற இரண்டும் பிடிக்கவில்லை.

தூரத்தில் கேட் பக்கம் வண்டி கூவியது.

இதற்கு மேல் கணக்குப் பார்க்க எதுவும் இல்லை. கொடி காட்டினால் ரிப்போர்ட். ரிப்போர்ட் என்றால் விசாரணை. அவன் சிவப்புக் கொடியை உருவிக்கொண்டு வளைவைத் தாண்டி, வண்டி வருகிற நேர்ப் பாதையில் ஓடினான். பிள்ளை அலறிக்கொண்டே இருந்தது. அவனுக்கு இரண்டு கையும் கொடி பிடிக்கக் கிடைத்தன.



எஞ்சின் அவனுக்கு முப்பது கெஜத்தில் வந்து நின்றது.

டிரைவர் குதித்து வந்து பார்த்தார். கார்டு வந்து பார்த்தார். பள்ளத்தையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் கார்டு அவனைச் சரியாகப் பார்த்தார். "இது என்னப்பா நெஞ்சுல?"

"என் பிள்ளை சார்."

"டூட்டியிலயா?"

"தாய் இல்ல சார்."

கார்டு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "நான் எழுதித்தான் ஆகணும். பிள்ளையைக் கட்டிட்டு வந்ததையும் எழுதுவேன், வண்டியைக் காப்பாத்துனதையும் எழுதுவேன். காப்பாத்துனதை மேல எழுதுதேன். அது பெரிசு."

பெட்டிகளிலிருந்து ஜனங்கள் இறங்கிவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டார் கூட்டம். "மகராசன், நீ இல்லேன்னா இந்நேரம் அம்புட்டுப் பேரும் கண்மாய்க்குள்ளதான்" என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். பால்துரை இரண்டடி பின்னால் போனான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானரத்தினம் வந்தாள். செருப்பில்லாத கால் ஜல்லியில் தடுமாறியது. முகம் வெளிறியிருந்தது. தம்பியைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பட்டையில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள்.

எஞ்சின் ஆட்களும் பால்துரையும் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பி, கல்லை அடியில் திணித்து, கிடைத்த இரும்பைச் செருகி அடித்தார்கள். அரை மணி நேரத்தில் வண்டி நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. ஞானரத்தினம் ஏறவில்லை.

பெட்டிகள் அவர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. ஒரு ஜன்னலில் கல்யாண வீட்டுப் பெண் ஒருத்தி, தன் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, அதன் கையைப் பிடித்து அன்னாளுக்கு ஆட்டிக் காட்டினாள். ஏழெட்டு மாதம் இருக்கும். காது குத்திய புண் ஆறாத பிள்ளை.

பால்துரை அந்த ஜன்னல் போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி போனதும் அக்காள் சொன்னாள். "ஏலே, நான் தோத்துட்டேன். பிள்ளையை வச்சுக்கிட்டு இவன் எங்கே வேலை பாக்கப் போறான்னு நினைச்சேன். பிள்ளையோட வந்து என் உசுரையும் சேத்துல்லா காப்பாத்தியிருக்கே. நேசையன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். அவிய ஏற்கெனவே பிள்ளைக்குச் சட்டை தச்சு வச்சிருக்காவ. பரவாயில்ல. அன்னாள் உன்கிட்டயே இருக்கட்டும்."

இதைக் கேட்கத்தான் அவன் ஆறு நாளாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டான். சும்மா இருந்தால் போதும்.

"அக்கா, நான் காலையில தட்டல."

"என்ன?"

"இந்த வளைவுல முதல் சாவிக்கு மேல ஒண்ணும் தட்டல. பிள்ளை தூங்குச்சு. எழுந்திரிச்சிரும்னு விட்டுட்டேன். மேஸ்திரி கேட்டாரு. தட்டுனேன்னு சொன்னேன்."

ஞானரத்தினம் கரை விளிம்புக்குப் போனாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"அழுதுச்சுன்னா தட்டியிருப்பியா?"

"அஞ்சு நாளா அழுதுச்சு. அஞ்சு நாளும் தட்டுனேன்."

தூளி சரியில்லாத நாளெல்லாம் வேலை சரியாக இருந்தது. தூளி சரியான அன்றைக்கு... அக்காளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவுத்துக் குடு" என்றாள்.

"அக்கா..."

"குடுலே. நீ இன்னமும் இதுல நூறு சாவி தட்டணும். அது காதுகிட்ட வச்சுத் தட்டுவியா, இல்ல இப்பவும் தட்டாம விடுவியா?"

அவன் பின்னால் கைவிட்டு முடிச்சைத் தேடினான். வியர்வையில் ஊறி இறுகிப்போயிருந்தது. வரவில்லை. அவளே பின்னால் வந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். பட்டை தளர்ந்தது. அன்னாளைத் தூக்கியபோது, அவன் நெஞ்சில் அவள் இருந்த இடம் முழுவதும் நனைந்து, காற்றுப் பட்டுச் சில்லென்றது.

"எங்க கொண்டு போறே?"

ஞானரத்தினம் பிள்ளையைத் தோளில் சாத்தி முந்தானையால் மூடினாள். ராஜபாளையம் பக்கமாகத் தண்டவாளத்தின் ஓரத்தில் நடந்தாள். அன்னாள் அவள் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

பால்துரை வளைவின் ஆரம்பத்துக்குப் போனான். நேற்று மழையில், தட்டாத சாவிகளின் தலையிலெல்லாம் புதுத் துரு பூத்திருந்தது. அன்றைக்கு அடிபட்ட சாவி என்றால் தலை வெள்ளியாக மின்ன வேண்டும். தெரிந்தவன் ஒரு பார்வை பார்த்தால் போதும், எது தட்டப்பட்டது, எது படவில்லை என்று சொல்லிவிடுவான். இப்போது அடித்தால் எல்லாம் ஒரே மாதிரி மின்னிவிடும். பிறகு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவள் அக்காள் ஒருத்தி மட்டும்.

நிமிர்ந்து பார்த்தான். தூரத்தில், வண்டி போன திசையிலிருந்து ஒரு ஆள் வேக வேகமாக வந்துகொண்டிருந்தார். நடையைப் பார்த்தே தெரிந்தது, மேஸ்திரி தவசிமுத்து. வண்டி வரத் தாமதமானதும் தேடிக் கிளம்பியிருக்க வேண்டும். அக்காளுக்கு நேர் எதிரே வந்தார். அவளிடம் ஏதோ கேட்டார். அவள் நின்றாள். பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பேசினாள்.

என்ன பேசினாள் என்று இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. அன்னாள் அழுவது மட்டும் கேட்டது.

பால்துரை சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் ஓங்கி, முழு பலத்தோடு முதல் சாவியில் போட்டான். விழித்துக்கொள்ள அவன் நெஞ்சில் யாரும் இல்லை.